இசை: தும்பி

நான் இங்கே ஒரு புகார் கொடுக்கத்தான் வந்தேன். ஆள்மாறாட்டப் புகார். ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கும் உங்கள் ஆள் என்னைப் பார்த்ததும் "ஜிப்பை மூடு" என்று சொல்லிச் சிரித்தார். நீங்கள் அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் படத்தைப் பார்த்தவர்கள் என்னைத் தெருவில் கண்டால் அதைத்தான் சொல்வார்கள். அது ஒரு வணக்கம் மாதிரி. அவரேதான் நாற்காலி போட்டுத் தண்ணீரும் கொடுத்தார்.

புகார் இதுதான். வேறொரு ஊரில், சின்னச் சின்ன இசைக்குழுக்கள் கூடி வாசிக்கிற ஒரு மேடையில், தாடி வைத்த ஒருவன் ஏறி, தான்தான் தும்பி என்று சொல்லியிருக்கிறான். 'கரையாதவன்' படத்துக்கு இசையமைத்துவிட்டுக் காணாமல் போன அதே தும்பி. இத்தனை நாளும் தான் யாரென்றே தனக்கு நினைவில்லையாம். இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறதாம். கூட்டம் அழுதிருக்கிறது. அவன் பாடியதில் சுருதியே சேரவில்லை. அதையும் பட்ட கஷ்டத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஜனங்களை இப்படி ஏமாற்றக் கூடாது. யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். அது தும்பி இல்லை என்று எனக்கு எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று. நியாயமான கேள்வி. வரும்போதே பஸ்ஸில் நினைத்தேன், இதைக் கேட்பார்கள் என்று. பதில் சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் தொழில் பாதுகாப்புப் படம் எடுப்பது. ஏணியின் மேல் படியில் நிற்காதே, ஈரத் தரையில் ஓடாதே, இயந்திரம் ஓடும்போது கையை விடாதே. தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவார்கள். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். தூங்காதவர்களில் பலர் எல்லா விரல்களோடும் ஓய்வு பெற்றிருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு.

தும்பி என் ஒரே தங்கையின் கணவன். எப்போதும் எதையாவது முனகிக்கொண்டே இருப்பான், சாப்பிடும்போதுகூட. அதனால் அந்தப் பெயர். அவனிடம் ஒரு பழைய ஆர்கன் இருந்தது. அதில் ஒரு கட்டையை அழுத்தினால் மேலே எழும்பாது. அப்படியே கிடந்து கத்திக்கொண்டிருக்கும். அவன் பாட்டெல்லாம் அந்த ஒற்றைச் சுரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஏன் அதைச் சரி பண்ணக் கூடாது என்று கேட்டதற்கு, குழுவிலிருந்த எல்லோரும் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள், கடைசிவரை கூட நிற்பது அது ஒன்றுதான் என்றான். அடுக்குமாடி வீட்டின் மாடிப்படியில் உட்கார்ந்துதான் பதிவு செய்வான், அங்கே எதிரொலி நன்றாக இருக்கும் என்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் காய்கறிப் பையோடு ஏறி இறங்கும் சத்தமும் பாட்டுக்குள் இருக்கும். கேசட்டில் பதிந்து, அட்டையில் அவனே படம் வரைந்து, தோள்பையில் போட்டுக்கொண்டு விற்பான். வாங்கியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், அவ்வளவு பேர்தான்.

வீட்டை நடத்தியது தங்கை. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அவனுடைய பாட்டைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. கேட்டதும் இல்லை என்று நினைக்கிறேன்.

நான் முன்பு படம் எடுத்துக் கொடுத்த ஒரு ஐஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள். முதலாளி மகனோடு இருக்க வெளிநாடு போனார். இயந்திரம் துருப்பிடிக்காமல் அவ்வப்போது ஓட்டிப் பார்த்துக்கொள் என்று சாவியை என்னிடம் கொடுத்தார். பெரிய இடம், இலவசமான இடம். பாதுகாப்புப் படம் எடுப்பவனுக்கும் ஆசை என்று ஒன்று இருக்காதா? 'கரையாதவன்' அப்படித்தான் பிறந்தது. குளிர் அறையில் உறைந்து செத்த ஒரு தொழிலாளி பூதமாகத் திரும்பி வந்து, தனக்கு விடுப்புத் தராத மேலாளர்களைத் தேடிப் பிடிக்கிறான். பூதத்தை மெத்தைப் பஞ்சில் தங்கைதான் தைத்துக் கொடுத்தாள். உள்ளே இருக்கும் நடிகர் வெளியே வரவேண்டுமே என்று முதுகில் ஒரு ஜிப். அது எல்லாக் காட்சியிலும் தெரியும். நான் அதை மறைக்கவில்லை. மறைப்பது என் சுபாவம் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய தியேட்டர். அதன் முதலாளி எனக்குப் பழக்கம். எப்படியும் காலியாகக் கிடக்கிற சனிக்கிழமை மாலை ஆட்டத்தை எங்களுக்குக் கொடுத்தார். முதல் நாள் வந்தவர்களில் பாதி உறவு, மீதி மழைக்கு ஒதுங்கியவர்கள். பூதம் வந்ததும் சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். ஆனால் அந்த ஆர்கன் சத்தம் எழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் வாயில் போட்ட பாப்கார்னை மெல்லாமல் உட்கார்ந்திருந்தார். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனை அப்படி உட்கார வைக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தால், வாசலில் தும்பி நிற்கிறான். ரப்பர் செருப்பு, தோள்பை, கையில் கேசட். கண் கலங்கிய ஒரு பெண் ஒரு கேசட்டை வாங்கிக்கொண்டு, அந்தக் கடைசிப் பாட்டை யாரை நினைத்து எழுதினீர்கள் என்று கேட்டாள்.

"எங்க வீட்டுத் தண்ணி மோட்டாரைத்தாங்க," என்றான். "அது நின்னுபோச்சுன்னா குடத்தைத் தூக்கிட்டு மாடி ஏறணும்ல."

அந்தப் பெண் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் அதைப் பிடித்திருந்த விதம் மாறிவிட்டது. பேருந்துச் சீட்டைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு போனாள்.

அடுத்தடுத்த வாரமும் இதே கதை. உள்ளே நான் கட்டியதை வாசலில் நின்று இவன் அவிழ்த்துவிடுவான். தனக்கு வயிறு சரியில்லாததைப் பற்றி, படிக்கட்டில் எலி வருவதைப் பற்றி, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வான். நல்ல மனிதன். அதுதான் கஷ்டம். ஆள் குறைந்துகொண்டே வந்தது. தியேட்டர்காரர், இனி ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. படத்தின் கடைசியில் ஒரு அட்டை சேர்த்தேன். 'இசை: தும்பி. படப்பிடிப்பு முடிந்த நாளிலிருந்து இவரைக் காணவில்லை.' அவனிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். "கொஞ்ச நாள்தானே மச்சான், எனக்கும் ஒரு ஓய்வு," என்றான். தங்கைக்குத்தான் முகம் கோணியது. படம் நிலைத்ததும் ஆளை நானே வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். ஐஸ் கம்பெனி மாடியில் பழைய மேலாளர் அறை காலியாக இருந்தது. கட்டில், மேசை, நல்ல காற்று வருகிற சன்னல். ஆர்கனை நானும் அவனும்தான் தூக்கிக்கொண்டு ஏறினோம்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். உங்கள் ஆளுக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமை ஆட்டம் நிரம்ப ஆரம்பித்தது. பூதம் திரும்பி நிற்கும்போதெல்லாம் கூட்டமே எழுந்து "ஜிப்பை மூடு" என்று கத்தும். பழைய தலையணைப் பஞ்சை வீட்டிலிருந்து கொண்டுவந்து திரையை நோக்கி வீசுவார்கள். தியேட்டர்காரர் அதைக் கூட்டி அள்ளி ஒரு சோபாவே செய்துகொண்டார். ஆர்கன் ஆரம்பித்தால் அத்தனை பேரும் கப்சிப். படத்துக்கு முன்னால் சின்னக் குழுக்கள் வந்து, கேட்காமலேயே, தும்பியின் பாட்டுகளை வாசித்தன. கேசட்டில் ஓர் இடத்தில் கொரகொரவென்று ஒரு சத்தம் வரும். அது அவருடைய கடைசி மூச்சு என்று யாரோ எழுதினார்கள். கீழ் வீட்டுக்காரர் வாய் கொப்பளித்த சத்தம் அது. நான் மறுக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தங்கையைக் கடைக்கே தேடிப் போய்ப் பார்த்தார்கள். ஒருவர் அவளுக்கு ஒரு கம்பளிச் சால்வை கொடுத்துவிட்டு, அவர் கனவில் வருகிறாரா என்று கேட்டிருக்கிறார். "இல்லங்க, நான் நல்லாத் தூங்கிடறேன்," என்றாளாம். அதற்கும் அவர் அழுதாராம். கடை விடுமுறை நாளில் அவள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ஐஸ் கம்பெனிக்குப் போய்வருவாள். கண்ணாடிக்கு அவளிடம் பஞ்சமில்லை.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது மாடியிலிருந்து ஒரு பாட்டு கேட்டது. புதுப் பாட்டு. துள்ளலாக இருந்தது. ஏதோ குறைகிறது என்று தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை. மேலே போனதும் தெரிந்தது. ஆர்கனின் அந்தக் கட்டையைச் சரி செய்திருந்தான். திருப்புளியை மேசையில் வைத்துவிட்டு, எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான். தங்கை முழுகாமல் இருக்கிறாளாம். பிள்ளைக்காக ஒரு பாட்டு கட்டிக்கொண்டிருக்கிறானாம். முழுவதும் வாசித்துக் காட்டினான். குறை சொல்ல முடியாது. எந்த வீட்டிலும் போடலாம், யாரும் எந்த வேலையையும் நிறுத்தாமல் கேட்கலாம். அந்தப் பாட்டைக் கேட்டால் முன்வரிசைக்காரர் பாப்கார்னை மென்றுகொண்டே இருப்பார்.

நான் வாழ்த்துச் சொன்னேன். மனதார வாழ்த்தினேன், எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கை பிள்ளை அல்லவா.

அன்று மாலையே தங்கை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணா, போதும். அவரை வீட்டுக்கு அனுப்பிடு," என்றாள். "வயிறு தெரிய ஆரம்பிச்சா கடைக்கு வர்றவங்க என்னைப் பத்தி என்ன பேசுவாங்க? காணாமப்போனவர் பொண்டாட்டி எப்படி உண்டானான்னு நான் யாருக்குன்னு பதில் சொல்வேன்?"

அவள் சொன்னதில் தவறே இல்லை. எனக்குத்தான் அந்தக் கணக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். கொஞ்சம் பொறு என்றேன். அவள் பொறுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

மறுநாள் தும்பியிடம் பேசினேன். அவன் தெளிவாக இருந்தான். வருகிற சனிக்கிழமை படம் முடிந்ததும் மேடையில் ஏறி நிற்கப்போவதாகச் சொன்னான்.

"சும்மா ஒரு வேடிக்கைக்குச் செஞ்சோம்னு சொல்லிடலாம் மச்சான். ஜிப்பைப் பார்த்துச் சிரிக்கிறவங்க, என்னைப் பார்த்தும் சிரிச்சிட்டுப் போயிடுவாங்க."

அவன் அதை ஆறுதலாகத்தான் சொன்னான். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. சிரிப்பார்கள். உண்மைதான். அதற்கப்புறம் அந்த ஆர்கன் எழும்போதும் சிரிப்பார்கள். அந்தப் பாட்டை உண்டாக்கியவனே அதைப் பற்றி இவ்வளவு அலட்சியமாக இருப்பதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. அவனைவிட அவன் பாட்டின் மேல் எனக்கு அக்கறை அதிகம் என்று அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை அவன் மேடைக்கு வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், இதோ வந்துவிட்டோம்.

தங்கையிடம், அவன் போய்விட்டான் என்றேன். காணாமல் போனவனாக இருப்பது அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது, ஆர்கனைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை, பிள்ளை குட்டி என்று தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான் என்றேன். அவள் நம்ப வெகுநேரம் பிடித்தது. உங்களிடம் அப்போதே புகார் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். என்னவென்று கொடுப்பாள்? ஊர் முழுக்க அவன் ஏற்கெனவே காணாமல் போனவன். பொய்யாகச் சொன்னோம், இப்போது நிஜமாகவே போய்விட்டான் என்றால் யார் எழுதிக்கொள்வார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

பெண் குழந்தை பிறந்தது. இப்போது நடக்கிறது. சனிக்கிழமை தோறும் தங்கை அதைத் தூக்கிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறாள். அதுவரை ஒருமுறைகூட முழுப்படத்தையும் பார்க்காதவள். கூட்டம் கத்தும்போது குழந்தையின் காதைப் பொத்துவாள். ஆர்கன் வரும்போது கையை எடுத்துவிடுவாள். கடைசி அட்டை வரும்வரை எழுந்திருக்க மாட்டாள். எனக்கு அதைப் பார்க்க நிறைவாக இருக்கும். அவனுடைய பாட்டை அவள் இப்போதுதான் சரியாகக் கேட்கிறாள்.

இந்த நிலையில்தான் அந்தத் தாடிக்காரன் வந்தான். செய்தி பரவியதும் தங்கை யாரிடமும் சொல்லாமல் குழந்தையோடு கிளம்பிப் போயிருக்கிறாள். அவனைப் பார்க்க வரிசை நின்றதாம், இவளும் நின்றாளாம். முறை வந்ததும் அவன் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மைக்கில், "உன்னை ஞாபகம் இருக்கு," என்றானாம். கூட்டம் கைதட்டியதாம்.

திரும்பி வந்து என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அவர் இல்லண்ணா," என்றாள். "கை வேற. ஆனா ஒரு நிமிஷம், இவராவே இருந்துட்டுப் போகட்டுமேன்னு தோணிடுச்சு."

என்னால் தாங்க முடியவில்லை. கட்டிய கணவனைத் தேடி அலைகிற ஒரு பெண்ணை, கைக்குழந்தைக்காரியை, மேடையில் நிறுத்தி ஒருவன் இப்படி ஏமாற்றலாமா? கொஞ்சமாவது ஈரம் இருக்க வேண்டாமா? அன்று இரவே முடிவு செய்துவிட்டேன், உங்களிடம் வருவது என்று.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அது தும்பி இல்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் தும்பி ஐஸ் கம்பெனியின் குளிர் அறையில் இருக்கிறான். சாவி இதோ, மேசைமேல் வைக்கிறேன். பெரிய சாவி வெளிக் கதவுக்கு. குளிர் அறைக்குச் சாவி கிடையாது, தாழ்ப்பாள்தான். மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அது ஒரு பகல்வேளை. நல்ல வெயில். மேடைக்கு வருவதற்கு முன் எனக்காக ஒரே ஒரு பாட்டு, பழைய மாதிரி, பதிந்து கொடு என்று கேட்டேன். கட்டையைச் சரி செய்துவிட்டேனே மச்சான் என்றான். குளிர் அறை மோட்டாரின் ரீங்காரம் அதே சுரத்தில்தான் இருக்கிறது, அதன் மேல் பாடு என்றேன். அவனுக்கு அது பிடித்துவிட்டது. ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கி ஓடினான். நான் மோட்டாரைப் போட்டேன். உள்ளே போய் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஆமாம், அதே சுரம் என்று விரலைக் காட்டினான்.

"கதவை மூடுங்க மச்சான், வெளிச்சத்தம் வருது," என்றான்.

இது முக்கியம். அவன்தான் மூடச் சொன்னான். நான் மூடினேன். எப்போது திறக்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை.

குளிர் அறைக் கதவில் உள்பக்கம் ஒரு கைப்பிடி கட்டாயம் இருக்க வேண்டும். அந்தக் கம்பெனிக்கான பாதுகாப்புப் படத்தில் அதை நானே மூன்று கோணத்தில் காட்டியிருக்கிறேன். பூதத்தின் பஞ்சு அதில் மாட்டிக் கிழிகிறது என்று படப்பிடிப்பின்போது கழற்றினோம். மறுபடி மாட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் ஏற்றுக்கொள்ளக்கூடும். ஆனால் மறக்கவில்லை. காலையில் போய், மாட்டாமல்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாடிக்கு ஏறினேன்.

தும்பி காணாமல் போய்விட்டான் என்று நான் சொன்னது அதுவரை உண்மையாக இல்லை. அந்த ஒரு குறை அன்றோடு தீர்ந்தது. அதற்கப்புறம் அந்த அட்டையை எத்தனை பேர் படித்தாலும் எனக்குக் கூச்சமில்லை.

அவன் கஷ்டப்பட்டானா என்று தங்கை கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள். முதலில் பாடினான். பிறகு என்னைக் கூப்பிட்டான், அதிகம் இல்லை. அதன்பின் கதவைத் தட்டினான். கொஞ்ச நேரம் தட்டினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு மறைத்தேன் என்று வரக் கூடாது. ஆனால் ஒரே சீராகத் தட்டினான். பயந்துபோனவன் தாளம் தப்பாமல் தட்டுவானா? அவன் வாசிக்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வெளியே ஒரு ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, முடியும்வரை இருந்து கேட்டேன். பாதியில் எழுந்து போவது ஒரு கலைஞனுக்குச் செய்கிற மரியாதை இல்லை.